ஒரே மாதிரிப் பைகள்

நடமாடும் மருத்துவ வண்டியின் நர்ஸுக்கு மூக்கு நுனியில் கோபம். அன்றைக்கு அது டிரைவர் அண்ணன் மேல் பாய்ந்தது. மனுஷன் நல்லவர்தான், அதுதான் தொல்லையே. எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வருகிறவர்கள் வெயிலில் காயக்கூடாது என்று தனியாக ஒரு பெஞ்சு போட்டு, மேலே பெரிய குடையும் கட்டியிருந்தார். அந்தப் பெஞ்சுப் பக்கம் ஈ காக்கை கூட வரவில்லை.

"நிழல் வேணாம்னு யாராவது சொல்வாங்களா சிஸ்டர்?"

"நிழல் எல்லாருக்கும் வேணும்ணே. இவங்களை மட்டும் தனியா உக்கார வச்சா, ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரிதானே?"

அவளை அரித்துக்கொண்டிருந்தது தையல்காரியின் நினைப்பு. மாத்திரை வாங்க வந்து, பெஞ்சைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவள்தான், அப்புறம் வரவில்லை. கையிலிருந்த மாத்திரை தீரப்போகிறது. விட்டுவிட்டால் அடங்கிக் கிடக்கும் கிருமி மறுபடி தலைதூக்கும். போனில் கூப்பிட்டால், "யாராவது பாத்துட்டு எங்க அக்காகிட்ட சொல்லிட்டா? அவ உசிரையே விட்டுடுவா சிஸ்டர்" என்று கிசுகிசுத்தாள்.

நர்ஸ் வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டாள். அதே வீட்டில், அதே அறையில் படுக்கும் அந்த அக்கா, பஸ் நிலையத்தருகே வண்டி நிற்கும் நாளில் வந்து இதே மாத்திரையை வாங்கிப் போகிறவள். "என் தங்கச்சி தாங்க மாட்டா" என்பது அவள் பாட்டு. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆனால் அதைச் சொல்லும் உரிமை நர்ஸுக்கு இல்லை. "நீங்களே சொல்லிடுங்களேன், நான் கூட இருக்கேன்" என்று இருவரிடமும் தனித்தனியாகக் கெஞ்சிப் பார்த்தாள். மாட்டேன் என்பதில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை.

அதனால் புதுச் சட்டம் போட்டாள். சளியோ சர்க்கரையோ, எல்லாருக்கும் ஒரே வரிசை, அதே குடை நிழல். கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச்சு. போகும்போது எல்லார் கையிலும் ஒரே மாதிரி நீலத் துணிப்பை.

செய்தி கேட்டுத் தையல்காரி வந்தாள். பஸ் நிலையச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் அக்காவும் அங்கேயே வந்து சேர்ந்தாள்.

"நீ எங்கடி இங்க?"

"பிரஷர் பாக்கக்கா. நீ?"

"எனக்கும் அந்த எழவுதான்."

நர்ஸ் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினாள்.

இருவரும் மருந்து வாங்கிக்கொண்டு, பைகளைப் பெஞ்சில் வைத்துத் தண்ணீர் குடித்தார்கள். கிளம்பும்போது ஆளுக்கொரு பையை எடுத்தார்கள். அக்கா சும்மா இருக்காமல் பையைத் திறந்து பார்த்தாள். டப்பா அவளுடையது போலவே இருந்தது. ஒட்டியிருந்த சீட்டில் மட்டும் தங்கையின் பெயர்.

வண்டி வாசலில் நின்ற நர்ஸ் அதைப் பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிய தன் சாமர்த்தியத்தில் இடி விழ!

தங்கையின் முகம் வெளுத்துப்போயிற்று. அக்கா திட்டவில்லை. "உன் கையில இருக்கறதைத் திறந்து பாரு" என்றாள்.

தங்கை திறந்தாள். அதே டப்பா, சீட்டில் அக்காவின் பெயர்.

"இதை எப்பக்கா போட்டுக்குவே?"

"ராத்திரி. நீ தூங்கினப்புறம்."

"நான் எங்கக்கா தூங்கினேன்? நீ தூங்கட்டும்னுதானே கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேன்."