சட்டை நைந்து விழும்வரை

கொடியில் கிடந்த சட்டையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு அவள் படகில் ஏறினாள். கொழுந்தன் துடுப்பைப் போட்டான். குனிந்த தலை நிமிராமல் அழுதுகொண்டே போட்டான். அவளுக்கு அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் ஒரு பாட்டம் அழுது, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவள்தான் யார் வீட்டுச் சாவோ என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். உடம்பு மொத்தமும் மரத்துக் கிடந்தது.

ஏரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்குத் தண்ணீர் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால், போனவரின் உடுப்பைக் கழியில் கட்டி அந்தப் பங்கின் நடுவில் நட வேண்டும். வெயிலும் காற்றும் தின்று அது தானாக நைந்து விழும்வரை அங்கே யாரும் மீன் பிடிக்கக் கூடாது. கட்டியதைக் கையால் அவிழ்க்கவும் கூடாது. அதுவரை மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் படகில் இடம் கொடுத்துச் சோற்றுக்கு வழி செய்வார்கள். சாவு எந்த வீட்டுக்கு எப்போது வரும் என்று யார் கண்டார்கள்? அதனால் ஏரியில் எப்போதும் ஏதோ ஒரு மூலை ஓய்ந்து கிடக்கும், மீன் அங்கே குஞ்சு பொரித்து மற்ற மூலைகளுக்கும் போகும். பருத்தித் துணி என்றால் சீக்கிரம் விழுந்துவிடும். அவள் கணவனிடம் எவனோ ஏமாற்றி அவன் தலையில் கட்டிவிட்ட கோடு போட்ட நைலான் சட்டை ஒன்று இருந்தது. "நான் செத்தா இதக் கட்டித் தொலைச்சிடாத. நம்ம பேரப்பிள்ளைங்க வரைக்கும் பட்டினிதான்" என்பான். தெருவே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

கழியை நட்டுவிட்டுத் திரும்பிய மறுநாள் ஏரி அலுவலர் துக்கம் கேட்க வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"புது விதி வந்திருக்கும்மா. ஒரு பருவம் முழுக்க வலை விழாத பங்கை வேற ஆளுக்குக் குடுத்துடணுமாம். நான் கழியப் பாத்தேன். எனக்குப் புரியுது. மேல இருக்கறவங்களுக்கு எங்க புரியப்போகுது?"

பாவம், அவரும் சம்பளத்துக்கு இருப்பவர்தான். எழுந்து நின்றுகொண்டு, "அப்பப்ப வலைய இறக்குங்க. பாத்தேன்னு எழுதிக்கறேன். எவ்வளவு கெடைச்சதுன்னு யாரும் கேக்கப்போறதில்ல" என்றார்.

அவர் போனதும் கொழுந்தன் வாசலைப் பார்த்தபடி பேசினான். "பங்கு போச்சுன்னா திரும்பி வராது அண்ணி. எவனாவது வந்து குஞ்சு குளுவான் விடாம வழிச்சுட்டுப் போயிடுவான். வலையப் போட்டா அண்ணனுக்கு நட்ட கழிக்கு என்ன மரியாதை?"

எல்லாம் பக்கத்து வீட்டுப் பேச்சுபோல அவள் காதில் விழுந்தது. மூலையில் கணவன் பாதி தைத்துப் போட்டிருந்த வலையைப் பார்த்தாள். அதைத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். நடுவில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் ஓரத்தில் நூல் கோத்த ஊசி அப்படியே தொங்கியது.

"குடுங்க அண்ணி, நான் அடைச்சுத் தரேன்."

"வேண்டாம் தம்பி. அவரு விட்ட எடத்துலயே இருக்கட்டும். இதத்தான் போடப்போறோம்."

கொழுந்தன் ஓட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு வலையைச் சுருட்டத் தொடங்கினான். அவள் நூலை அறுத்து ஊசியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலையில் வலையை இறக்கித் தூக்கினார்கள். பாசிதான் வந்தது. தூரத்தில் நின்ற அலுவலரின் படகிலிருந்து ஒரு கை உயர்ந்தது. பார்த்துவிட்டாராம். படகைத் திருப்பிக்கொண்டு போனார். கொழுந்தன் அப்போதுதான் முதல்முறையாகக் கழியை நிமிர்ந்து பார்த்தான். துடுப்பு நின்றது.

"அண்ணி."

"ம்."

"நைலான் சட்டையையா கட்டினீங்க?"

அவளும் பார்த்தாள். அதேதான். கட்டும்போது அவள் கை எதையும் உணரவில்லை, கண்ணும் பார்க்கவில்லை. இனி அவிழ்க்கவும் முடியாது. எத்தனை காலம் அடுத்த வீட்டுப் படகுகளில் தொற்றிக்கொண்டு பிழைப்பது, எத்தனை பருவம் இந்த ஓட்டை வலையோடு வந்து நிற்பது?

"அண்ணன் இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்" என்றான் கொழுந்தன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அது எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படகு ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து, பார்க்க யாரும் இல்லாதபோதும், அவள் மறுபடி வலையை இறக்கினாள். ஒரு மீன் ஓட்டைவரை வந்தது, சற்று நின்றது, வெளியே போயிற்று. கழியில் சட்டை காற்றில் உப்பி, உள்ளே ஆள் இருப்பதுபோல் நின்றது. ஒரு பொத்தான்கூடத் தளரவில்லை.