காளியம்மாள் கேட்ட ஏழு சொற்கள்

சுடர்விழி ‘ட்விஸ்ட்’ என்று சத்தமாகப் படித்த அன்று காலை ஏழரை மணிக்கு, வாசலில் இருந்த கைப்பம்பின் இரும்புப் பிடி, பிழிந்த ஈரத்துணி போல முறுக்கிக்கொண்டது. தண்ணீர் பிடிக்க நின்ற எதிர்வீட்டு அம்சம் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தாள். குடவாசலுக்குக் கிழக்கே எங்கள் தெருவில் அதுவரை இங்கிலீஷால் எந்தப் பொருளும் சேதமானதில்லை.

சுடர்விழி நர்சு. மயிலாடுதுறையில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. இங்கிலீஷ் பேச்சுப் பரீட்சையில் தேற வேண்டும். இரண்டு முறை தோற்றுவிட்டாள். மூன்றாவது முறையும் தோற்றால் வேலை கிடையாது. பயிற்சி மையத்து மாலதி டீச்சர், ஒரு பொருள் தன் வடிவம் கெட்டுத் திருகிப் போவதற்கு இங்கிலீஷில் உள்ள ஏழு சொற்களை எழுதிக் கொடுத்திருந்தார். கால் பிசகியவனுக்கு ஒன்று, கம்பி வளைந்ததற்கு வேறொன்று. நர்சு மாற்றிச் சொல்லக் கூடாது.

மனதுக்குள் படித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவள் அம்மா காளியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே மகள் படிக்கிறாளா என்பதைக் காதால்தான் சரிபார்த்து வந்தாள். சத்தம் நின்றால் அடுப்படியிலிருந்து அதட்டல் வரும். ஆகவே ‘பெண்ட்’ என்றதும் அகப்பைக் காம்பு வளைந்தது. ‘வார்ப்’ என்றதில் வாசல் கதவின் பலகை சுருண்டு, பிறகு சாத்தவே முடியவில்லை. ‘ஸ்ப்ரெயின்’ பசுமாட்டின் பின்னங்காலுக்குப் போனது. ‘டிஸ்டார்ட்’ வந்த நாளில் கண்ணாடி பார்த்தவர்களுக்கெல்லாம் வாய் காதோரம் தெரிந்தது. ‘பக்கிள்’ பக்கத்து வீட்டு வீரையன் பைக்கின் முன்சக்கரத்தை அப்பளமாக மடித்தது. சண்டைக்கு வந்த வீரையன் கடைசியில் தணிந்துபோய், நிமிர்த்துவதற்கு இங்கிலீஷில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவளும் சொல்லிப் பார்த்தாள். சக்கரம் அசையவில்லை.

“அம்மா, வீடு தாங்காதும்மா. நான் வாய்க்குள்ளயே படிச்சுக்கிறேன்.”

“வாய்க்குள்ள படிக்கிறதெல்லாம் ஏமாத்து. என் காதுல விழணும். வீடு போனா கட்டிக்கலாம்.”

ஏழாவது சொல் ‘கண்டார்ட்’, உடம்பு திருகிக்கொள்வதற்கு உள்ளது. வியாழக்கிழமை மதியம் காளியம்மாள் கணவர் நல்லக்கண்ணுவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது மகள் அதைப் படித்தாள். காளியம்மாளின் கழுத்து மெதுவாகத் திரும்பியது. தோளோடு நிற்காமல் மேலும் போய், முகம் முதுகுப் பக்கம் வந்து நின்றது. ரத்தமில்லை, வலியில்லை. கை மட்டும் சோறு போட்டுக்கொண்டே இருந்தது. நல்லக்கண்ணு தட்டை விட்டுவிட்டார். ஓடி வந்து பார்த்த நாங்கள் வாசற்படியைத் தாண்டவில்லை. மன்னார்குடி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பிடித்துப் பார்த்தார், பிறகு உட்கார்ந்து தனக்குத் தண்ணீர் கேட்டார். எலும்பெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்றார்.

சுடர்விழி அந்தத் தாளை அடுப்பில் போட்டாள். பரீட்சைக்கு இருபது நாள்தான் இருந்தது. ஒன்பது நாள் அவள் வாயே திறக்கவில்லை. பத்தாம் நாள் காளியம்மாள் வந்து மகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால்தான் முகம் பார்த்துப் பேச முடியும்.

“நீ போகலைன்னா இந்தக் கழுத்து சும்மா திரும்புனதா ஆயிடும். அத என்னால தாங்க முடியாது.”

மறுநாளிலிருந்து, மனப்பாடமாகிவிட்ட அந்தச் சொற்களைச் சத்தமாகச் சொல்லிப் படிக்க, இருவரும் உளுந்து எடுத்த வெறும் வயலுக்குப் போய்விட்டார்கள். அங்கே வளைவதற்கு வரப்பைத் தவிர ஒன்றுமில்லை. வரப்பு வளைந்தது, நல்லக்கண்ணு மண்வெட்டியால் சரி செய்துகொண்டார். திருச்சியில் பரீட்சையன்று ஏழில் மூன்று சொற்களைச் சொல்ல வேண்டி வந்தது. கேள்வி கேட்ட அம்மாளின் மூக்குக் கண்ணாடிச் சட்டம் திருகிக்கொண்டது. அவர் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். சுடர்விழி தேறிவிட்டாள்.

அந்தக் குறுவைக்குக் காளியம்மாள் நடவுக்குப் போனாள். நடுகிறவர்கள் பின்னால் பின்னால் நகர வேண்டும். மற்றவர்கள் வரப்பு இடித்தபின் நிமிர்வார்கள், அவள் வரப்பு வருவதைப் பார்த்துக்கொண்டே நட்டாள். நாற்றுக்குக் கை போதும், கண் வேண்டாம் என்றாள். ஒரு வாரத்தில் நாங்கள் உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

ஆவணியில் சுடர்விழி கிளம்பினாள். திருச்சி விமான நிலையத்தில், அழுது முடித்து, அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும், வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் வாசல் பக்கம் நடந்தார்கள். நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்தார்கள். காளியம்மாள் நிற்கவில்லை. வேனை நோக்கி நடந்தபடியே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நகரும் மகளைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு போனாள். படி தடுக்காமல் இருக்க நல்லக்கண்ணு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.