ஜாடி மேல் இருந்த ஈய பெல்ட்

என் புருஷன் தெஷெங்குக்கு எங்கள் தீவில் இரண்டு பட்டப்பெயர்கள். முகத்துக்கு நேரே கேப்டன், முதுகுக்குப் பின்னால் டப்பா. பழைய டீசல் டாங்கி ஒன்றை அறுத்து, ஒட்டி, இரண்டு குளிர்காலமாக எங்கள் முற்றத்தை அடைத்துக்கொண்டு மனுஷன் கட்டிய ஓராள் நீர்மூழ்கிக் கப்பல்தான் அந்த டப்பா. வெல்டிங் சத்தத்தில் என் கோழிகள் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன.

அதற்கு முன்னால் அவர் கடல் அட்டை எடுக்கிற முக்குளிப்பாளர். வாயில் காற்றுக்குழாய், ஆளைக் கீழே இறக்குகிற எடைக்கு இடுப்பில் ஈய பெல்ட், அவ்வளவுதான் ஆயுதம். ஒரு நாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்துவிட்டார். ரத்தத்தில் காற்றுக் குமிழி புகுந்து முழங்கால் இரண்டும் போச்சு. "இன்னொரு தடவை இறங்கினா சக்கர நாற்காலிதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே நான் அந்த ஈய பெல்ட்டைத் தூக்கி முட்டைகோஸ் ஊறப்போட்ட ஜாடியின் மூடிமேல் வைத்தேன். ஊறுகிற கோஸ் மேலே மிதந்தால் அழுகிவிடும் என்று எல்லா வீட்டிலும் கல்லை வைத்து அழுத்துவார்கள். எங்கள் வீட்டில் அந்த பெல்ட் அழுத்தியது.

"இதைத் தொட்டா கையை ஒடிச்சு, கோஸோட சேர்த்து ஊறப் போட்டுடுவேன்" என்றேன்.

தொடவில்லை. ஆனால் கரையில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டு சோறு தண்ணி இல்லாமல் வற்றிப்போனார். பிறகு ஒரு நாள் திடீரென்று முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"உடம்பைத்தானே இறக்கக் கூடாதுன்னாங்க? இரும்புப் பெட்டிக்குள்ள உக்காந்துக்கிட்டுப் போனா தண்ணியோட அழுத்தம் என்னை என்ன பண்ணும்?"

"பெட்டிக்குள்ள உக்காரலாம்யா, ஆனா ஆளை உள்ள வச்சு மூடற பெட்டியை நம்ம ஊர்ல வேற பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க."

கேட்டால்தானே! டிராக்டர் இருக்கை, மூன்று சக்கர மின்வண்டியின் மோட்டார், வெளியே பார்க்க ஒரு தடிமனான கண்ணாடி ஜன்னல். இரண்டு பக்கமும் ஒவ்வொரு தொட்டி. தண்ணீரை உள்ளே விட்டால் கப்பல் இறங்கும், சிலிண்டர் காற்றால் அதை வெளியே தள்ளினால் ஏறும். நான் திட்டிக்கொண்டே டார்ச் பிடித்தேன். மலைமேல் இருக்கிற அணையில் சோதனை பார்த்தார். அடியில் இரும்புத் துண்டுகளைக் கூட்டிக் குறைத்து எடையைச் சரிசெய்ததும், கப்பல் அழகாக இறங்கி அழகாக ஏறியதாம். தூண்டில்காரர்கள் திட்டினார்களாம்.

கடலில் விடப்போகிறேன் என்றதும் நான் குறுக்கே நின்றேன்.

"ஒரே ஒரு தடவை. ஒழுங்கா கீழ போய் மேல வந்தா, அப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஏதாவது குளறுபடி ஆச்சு, அன்னிக்கே காயலான் கடை."

"சரி" என்றார்.

காயலான் கடைக்காரனை வண்டியோடு துறைக்கு வரச் சொன்னதும் நான்தான். மறைக்க என்ன இருக்கிறது? குளறுபடி ஆகட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். எனக்கு வேண்டியது கேப்டன் இல்லை, உயிரோடு ஒரு புருஷன். எங்கள் பக்கம் கிளம்புகிறவனுக்கு இறைச்சிக் கொழுக்கட்டை, திரும்பி வருகிறவனுக்கு நூடுல்ஸ் என்பது வழக்கம். அன்று காலை நான் கொழுக்கட்டை செய்யவில்லை. வெறும் கஞ்சிதான் ஊற்றினேன். ஒரு வார்த்தை கேட்காமல் குடித்துவிட்டுப் போனார்.

துறையில் ஊரே திரண்டிருந்தது. கப்பலுக்குச் சிவப்புத் துணி கட்டி, சரவெடி வெடித்தாயிற்று. விசைப்படகு வைத்திருக்கிற கோங் அண்ணன் கப்பலில் கட்டிய பாதுகாப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கடலோரத்தில் நாங்கள் 'மூழ்கு' என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டோம், ஆகாது. அதனால், "கீழ போ, கீழ போ!" என்று கத்தினார்கள்.

போகவேண்டுமே! தொட்டிகள் நிறைந்தன, குமிழிகள் வந்தன, நின்றன. டப்பா முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே மிதந்தது.

"தெஷெங்! எங்க வீட்டு வாத்தே இதைவிட நல்லாப் போகும்டா!" என்றார் கோங் அண்ணன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மூடியைத் திறந்துகொண்டு என் புருஷன் தலையை நீட்டினார். முகமெல்லாம் வியர்வை.

"தண்ணி முழுக்க ஏறிடுச்சு அண்ணே. ஒண்ணும் புரியல. அணையில கல்லு மாதிரி இறங்குச்சே!"

அணை என்றதும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. வாத்து முட்டையை உப்பில் ஊறப்போடுகிற எனக்கு இது தெரியாதா? நல்ல தண்ணீரில் அடியில் கிடக்கிற முட்டை, உப்பைப் போட்டால் மேலே வந்து மிதக்கும். மனுஷன் அணைத் தண்ணீருக்கு எடை பார்த்துவிட்டுக் கடலுக்கு வந்திருக்கிறார்! பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரிலேயே கிடந்தவருக்கு, தண்ணீர் என்றாலே அது ஒன்றுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காவிட்டால் ஜெயித்துவிடுவேன்.

அவர் இன்னும் இரண்டு தடவை முயன்று பார்த்தார். பிறகு மெதுவாக வெளியே வந்து, நொண்டிக்கொண்டே சிவப்புத் துணியை அவிழ்த்து, நான்காக மடித்து என்னிடம் நீட்டினார்.

"வண்டிக்காரனைக் கூப்பிடு, யூஃபென். பேச்சுன்னா பேச்சுதான்."

ஒரு சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பாவி மனுஷன் சண்டையும் போடவில்லை. அந்த முகத்தைப் பார்த்தேன். உயிரோடு ஒரு புருஷன் வேண்டும் என்றேனே, இதுவா அது?

காயலான் கடைக்காரன் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். "வீட்டுக்கு விடுய்யா, சீக்கிரம்!"

திரும்பி வரும்போது என் மடியில் ஈய பெல்ட் கனத்தது. அதன்மேல் கோஸ் வாடை வேறு. அதைத் தெஷெங் கையில் திணித்தேன்.

"அணைத் தண்ணிக்கு எடை பார்த்துட்டு கடலுக்கு வர்றியே, உனக்கு மூளை இருக்கா? உப்புல முட்டை மிதக்குமா மிதக்காதா?"

அவர் பளாரென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடியில கட்டு. ஆனா உள்ள இருந்து ஒரு இழுப்பு இழுத்தா கழண்டு விழணும். கழண்டா மேல வந்துடுவேல்ல?" என்றேன்.

"பந்து மாதிரி வந்துடுவேன்."

கோங் அண்ணன் பெல்ட்டைக் கொக்கியில் மாட்டி, இழுத்துக் காட்டினார். நானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். இவர் உள்ளே இறங்கினார். மூடுகிறபோது என்னையே பார்த்துக்கொண்டு தயங்கினார்.

"என்னய்யா பாக்கறே? போய் மூழ்கித் தொலை!"

அபசகுனம் போகட்டும் என்று பெண்கள் தரையில் துப்பினார்கள். என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். இவர் மட்டும் உள்ளே விழுந்து விழுந்து சிரித்தது எங்களுக்குக் கேட்டது. மூடி சாத்திக்கொண்டது. டப்பாவின் முதுகு நனைந்து, சிறுத்து, காணாமல் போனது.

கயிறு கோங் அண்ணன் கையிலிருந்து நழுவிக்கொண்டே போயிற்று. நான் ஏழு கடல் தெய்வத்தையும் கூப்பிட்டேன், சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். ஒரு யுகம் போனபின் குமிழிகள் வந்தன. பின்னாலேயே டப்பா வந்தது.

மூடி திறந்தது. மனுஷன் குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

"எல்லாம் அங்கயே இருக்குடி. என் பாறை, அது மேல அட்டைங்க... எல்லாம் அப்படியே இருக்கு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பசிக்குது. நூடுல்ஸ் இருக்கா?"

"வந்துட்டேல்ல, இருக்கும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து நூடுல்ஸுக்கு மாவைப் பிசைந்தேன். ஜாடியில் கோஸ் முழுக்கக் கிளம்பி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. இவர் பின்னாலேயே பெல்ட்டைச் சுமந்துகொண்டு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் மூடிமேல் வைக்கப் போனார்.

"அதை எங்க வைக்கறே?"

"எடுத்த இடத்துலதான்."

"அது கப்பல் சாமான். கொண்டுபோய் அதுலயே மாட்டு" என்றேன். "ஜாடிக்கு ஒரு கல்லு எடுத்துட்டு வா."