நட்பு ஒப்பந்தமும் ஆறிப்போன காபியும்

குபெர்டினோவுக்கும் சான் ஹோசேவுக்கும் நடுவே இருப்பது ஒரு ரோடுதான். ஆனால் எங்கள் தமிழ்ச் சங்கங்கள் இரண்டும் பகை நாடுகள். இரண்டுக்கும் ஆயுட்காலத் தலைவர்கள். அந்தப் பக்கத்து ஆட்களின் நல்லது கெட்டதில் தலை தெரிந்தால் இந்தப் பக்கம் பெயரை அடித்துவிடுவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் ஜனங்கள் தேர்தல் வைத்தார்கள். கிழங்கள் இரண்டும் மண்ணைக் கவ்வின. இங்கே நான் ஜெயித்தேன், அங்கே கலாவதி. இனி நட்பு ஒப்பந்தமாம். கையெழுத்து என் வீட்டில்.

கலாவதி என் மனைவி வான்மதியின் தோழி. கோயம்புத்தூரில் ஒரே ஹாஸ்டல் ரூம். போன வருஷம் வான்மதி செத்துப்போனபோது அவள் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் பழைய தலைவர் மயில்சாமி விடவில்லையாம். ரொம்ப நல்ல காரணம்! அன்றைக்கு மரத்துப்போன மனசு எனக்கு. அழுகைகூட வரவில்லை. பதவியும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம். இவள் வந்து வான்மதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றிருந்தது.

வந்தாள்.

"வாங்க கலா."

தலையை மட்டும் ஆட்டினாள்.

"காபி?"

"வேண்டாம்ணா."

போட்டுக் கொடுத்தேன். தொடவில்லை. கையெழுத்துக்கு வந்திருந்த கமிட்டி ஆட்கள் ஜாயின்ட் பொங்கலுக்கு ஹால் புக் பண்ணுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். "எங்கண்ணா சைன் பண்ணணும்?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. சுவரில் மாலை போட்ட படத்தில் வான்மதி சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் நிமிரவே இல்லை. அடிப்பாவி, உனக்கெல்லாம் நெஞ்சே கிடையாதா என்று நினைத்துக்கொண்டேன்.

"வரேன் முகுந்த்", "பொங்கலுக்குப் பாக்கலாம்" என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியில் கலாவதி எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

என்ன திமிர்! கதவைச் சாத்தப் போன கை அப்படியே நின்றது. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் நம் ஆட்கள் 'வரேன்' சொல்லமாட்டார்கள். கையெழுத்துச் சாக்கில் இவள் துக்கத்துக்கு வந்திருக்கிறாள்.

தெருவில் அவள் கார் ஸ்டார்ட் ஆனது. கூப்பிட வாயெடுத்தேன். துக்கத்துக்கு வந்தவர்களைத் திருப்பிக் கூப்பிடக் கூடாது. "போயிட்டு வாங்க" என்றும் சொல்லக் கூடாது. நானும் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். கார் மறைந்தபிறகு உள்ளே வந்து, அவள் தொடாத காபிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.