துணி உதறும் வேலை

கூரையிலிருந்து இரண்டு முனையும் கட்டித் தொங்கவிட்ட துணியில் ஈர மரவள்ளி மாவைக் கொட்டிவிட்டு, உதறச் சொன்னான் வேலையை மேற்பார்க்கும் சீன மண்டோர். மாரியாயி ஆட்டினாள். மாவு இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்ததே தவிர, ஒரு ஜவ்வரிசிகூடத் திரளவில்லை. ஆட்டினால் எப்படித் திரளும்? வெட்டி வெட்டி இழுத்து உதற வேண்டும். ஒவ்வோர் உதறலுக்கும் இடுப்பிலிருந்து தோள்வரை குலுங்கிப்போகும். அப்போதுதான் மாவு மணி மணியாக உருண்டு, சட்டியில் வறுபட்டு, கிள்ளான் ஆற்றில் படகேறி, போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து சீமைக்குக் கப்பலேறும். அங்கே துரைமார் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பாலில் காய்ச்சிக் குடிக்குமாம். குடிக்கட்டும், நன்றாக இருக்கட்டும். மாரியாயிக்குத் தன் பிள்ளையைப் பற்றித்தான் கவலை.

இரண்டு மாதமாக முழுகாமல் இருந்தாள். புருஷனுக்குக்கூடத் தெரியாது. போன தடவை சந்தோஷம் தாங்காமல் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். மூன்றாம் மாதம் தங்கவில்லை. கண் பட்டுவிட்டது என்றார்கள். அதனால் இந்தத் தடவை மூன்று மாதம் தாண்டும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாதென்று வைராக்கியமாக இருந்தாள். களத்தில் மாவு உலர்த்தும் வேலையில் அதற்கு இடைஞ்சலும் இல்லை. துணி உதறுகிற பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து, மண்டோரின் கண் இவள்மேல் விழுந்ததுதான் வினையாகப் போயிற்று.

"குவாட் லா, குவாட்," என்று கையை முறுக்கிப் பலமாக இழுத்துக் காட்டினான் மண்டோர். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "மாவு தூங்குது," என்றான். மாரியாயி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். அடிவயிறு திக்கென்றது. கையை எடுத்துவிட்டாள்.

ஈர மாவுக் கூடையோடு வந்த வேலாயுதம் பெண்டாட்டியை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏ புள்ள, கைக்கு என்ன வந்துச்சு? நல்லா இழு. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதன்னுடுவான்."

"முடியாதுங்க."

"ஏன்?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஒடம்பு குலுங்குதுங்க. போன தடவை மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

ஆண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறும். ஏறியதும் கூடையை மெல்லக் கீழே இறக்கினான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா தங்கலியே."

இத்தனை நாளும் பக்கத்தில் படுத்துக்கொண்டு இந்தப் பயத்தைத் தனியாக அல்லவா சுமந்திருக்கிறாள். நேரே மண்டோரிடம் போய், இனிமேல் துணியைத் தான் உதறுவதாகவும் அவளைக் களத்துக்கே அனுப்பிவிடும்படியும் கெஞ்சினான். யார் உதறினால் என்ன, மணி திரண்டால் சரி என்று மண்டோர் தலையாட்டிவிட்டான்.

வேலாயுதம் துணியைப் பிடித்தான். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை. கூரையே ஆடப்போகிறது என்று மாரியாயி விலகி நின்றாள். அவன் குனிந்து துணிக்குள் பார்த்தான். தூளியில் தூங்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு, மிக மெதுவாக ஆட்டினான்.

"அலாமாக், நீயுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டான் மண்டோர்.

வேலாயுதத்தின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. துணிக்குள் மாவு பொடியாகவே புரண்டுகொண்டிருந்தது.