வெள்ளிக்கிழமைத் துடைப்பு

அலுவலகத்தில் மேலாளருக்குச் சுடுதண்ணி என்று பெயர். காலில் சுடுதண்ணியை ஊற்றிக்கொண்டவர் மாதிரியே எப்போதும் நிற்பார். பேச்சிழந்தவர்களுக்காக, அவரவர் பழைய குரலிலேயே பேசும் கருவி ஒன்றை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் முடிக்கட்டும் என்று மற்றவர் காத்திருக்கக் கூடாது, எல்லா வேலையும் ஒரே சமயத்தில் ஓடவேண்டும் என்பது அவர் கட்டளை. அந்த அவசரத்தில் அவரையே தூக்கிச் சாப்பிட்டவள் சோதனைப் பிரிவின் தலைவி.

அவள் அவசரம் வேறு. அவளுடைய அக்காவுக்குத் தொண்டையில் புற்று. அறுவை முடிந்தால் உயிர் இருக்கும், குரல் இருக்காது. அதற்குள் கருவி தயாராக வேண்டும். வாரா வாரம் புதுப் பதிப்பு வரும். வெள்ளிக்கிழமை மாலை சோதனைக் கணினியில் பதிந்ததெல்லாம் தானாக அழிந்துவிடும். பழைய குப்பையைக் கிளறி யாரும் நேரத்தை வீணாக்கக் கூடாதென்று அவளே கொண்டுவந்த ஏற்பாடு அது. வேலை பறந்தது.

குரல்களைப் பத்திரமாகச் சேர்த்துவைக்கும் இடம் மட்டும் இன்னும் தயாராகவில்லை. அக்காவின் குரலோ நாளுக்கு நாள் கம்மிக்கொண்டே வந்தது. பொறுக்கமாட்டாமல் ஒரு வியாழக்கிழமை அவளை அழைத்துவந்து சோதனைக் கணினியிலேயே பதிந்தாள்.

"என்னத்தடி பேச?"

"வீட்ல பேசுறதையே பேசுக்கா."

அக்கா தன் குட்டி மகளை எதிரில் நிற்பதுபோலவே திட்டினாள், கொஞ்சினாள், காய்காரரிடம் பேரம் பேசினாள். கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நகல் எடுக்க இரண்டு நிமிடம் போதும். அந்நேரம் பார்த்துச் சுடுதண்ணி கூப்பிட்டார். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று போனாள். மறுநாள் காலையில் அக்காவுக்கு மூச்சுத் திணறியது. மருத்துவமனை, உடனே அறுவை. அன்று மாலைத் துடைப்பு அவள் நினைவுக்கே வரவில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. பதறிய காரியம் சிதறும் என்பார்கள். சிதறியிருந்தாலாவது பொறுக்கியிருப்பாள், பாவம்.

கருவி மட்டும் சொன்ன நாளுக்கு முன்பே தயாராகிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அதை எடுத்துப்போய் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து நடந்ததைச் சொல்லி, "என்னை மன்னிச்சிடுக்கா" என்று விம்மினாள்.  அக்கா கருவியை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அதில் இருந்தது மாதிரிக்காகச் சேர்த்த ஒரே குரல், தங்கையுடையது.

"செல்லம், அம்மாகிட்ட வாடா."

கதவோரம் நின்றிருந்த குழந்தை ஓடிவந்து சித்தியின் மடியில் ஏறிக்கொண்டது.