பார்க்காமல் எழுதிய அறுபது

இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ அறையில் அவள் பயிற்சிக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். தேர்வுக்கு இன்னும் இரண்டே வாரம். எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்ற நினைப்பு வேறு. குறைகுடம் கூத்தாடத்தானே செய்யும்.

அன்று காலை வந்த தையல்காரர் எலும்பும் தோலுமாக இருந்தார். இடது பக்கம் ஒருக்களிக்கச் சொன்னால், தோள் வலிக்கிறது என்று புரண்டுவிடுவார். விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை எங்கே வைத்தாலும் திரையில் வெறும் சாம்பல் நிறம்தான். இதயத்தின் நுனிப் பக்கத்துப் படம் இல்லாமல், அது எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று அளக்க முடியாது. வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். அவள் ‘அறுபது சதவீதம்’ என்று எழுதிவிட்டாள். நல்ல இதயத்துக்கு வருகிற எண். இவருக்கு மட்டும் வராமலா போகும்?

அதோடாவது விட்டிருக்கலாம். முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது அந்த அறையின் முதல் பாடம். “எப்படிம்மா இருக்கு?” என்று தையல்காரர் கேட்டதும் அவள் வாய் முந்திக்கொண்டது.

“நல்லா இருக்குங்க ஐயா. பயப்படாதீங்க.”

அரை மணி கழித்து டாக்டர் கூப்பிட்டார்.

“நுனிப் பக்கத்துப் படம் எங்கம்மா?”

“சரியா கிடைக்கலை சார்.”

“அப்ப அறுபது எங்கேருந்து கிடைச்சுது?”

கத்தியிருந்தால்கூடத் தேவலை. “கிடைக்கலைன்னு எழுதியிருந்தா நான் வந்து பார்த்திருப்பேனே. போய் அவரைக் கூட்டிட்டு வா” என்றார், அவ்வளவுதான். அவளுக்கு அவமானத்தில் காது மடல் வரை சுட்டது.

தையல்காரர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தபடி, மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். “அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு. இன்னும் இருபது வருஷத்துக்கு என் தொல்லை உனக்கு உண்டு.”

அவர் பேசி முடிக்கும்வரை அவள் தலை குனிந்து நின்றாள்.

“ஐயா, மறுபடியும் எடுக்கணும். நான் சரியா பார்க்காமலே எழுதிட்டேன். தப்பு என்னோடது.”

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். “வாம்மா. பிரிச்சுத் தைக்கிறது எங்க தொழில்லயும் உண்டு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

இந்த முறை முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னாள். படம் விழுந்தது. வீங்கிய இதயம், அசைய மனமில்லாமல் அசைந்தது. இரண்டு தடவை அளந்தாள். இரண்டு தடவையும் முப்பத்திரண்டு.

“நல்லாத்தானே இருக்கு? வீட்டுல வேற சொல்லிட்டேன்.”

“டாக்டர் சொல்வாருங்க ஐயா.”

காலையிலேயே சொல்லியிருக்க வேண்டிய பதில். அவர் அவள் முகத்தையே பார்த்தபடி எழுந்து சட்டையைப் போட்டார். வாழ்நாளெல்லாம் சட்டை தைத்தவர், பொத்தான்களை இடம் மாற்றி மாட்டியிருந்தார்.